கயிறு, தராசு, கல்: பூமியின் உள்ளே இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் முறை

“டீச்சர், எங்க தோட்டத்துல ஆயிரம் அடி போர் ஓட்டியும் புகைதான் வந்துச்சு. இன்னும் ஐந்நூறு அடி விட்டிருந்தா நெருப்புக் குழம்பு வந்திருக்குமா?”

சேலம் மாவட்டம் ஓமலூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் நிலக்கோளம் பாடம் நடத்தி முடித்த மறுநாள் ஒரு மாணவன் இப்படிக் கேட்டான். அவன் அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை பார்ப்பவர். முந்தின நாள்தான் கரும்பலகையில் பெரிய வட்டம் போட்டு, பூமியின் அடுக்குகளை மேலோடு, கவசம், வெளிக்கருவம், உட்கருவம் என்று நான்கு வண்ணச் சாக்பீஸால் பட்டை பட்டையாகத் தீட்டியிருந்தேன். கடைசி பெஞ்சுக்கும் தெரிய வேண்டுமே என்று மேலோட்டையும் இரண்டு விரல் அகலத்துக்குப் போட்டிருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்தவனுக்கு அந்தக் கேள்வி வராமல் எப்படி இருக்கும்?

அன்றிலிருந்து இந்தப் பாடத்தை நான் கரும்பலகையில் தொடங்குவதில்லை. மைதானத்தில் ஒரு கயிற்றை விரித்துத் தொடங்குகிறேன். ஆசிரியராக இருந்தாலும் சரி, வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித் தருபவராக இருந்தாலும் சரி, இதை நீங்களும் செய்து பார்க்கலாம். பெரிய செலவு கிடையாது.

கொடி கட்டும் நைலான் கயிறு 65 மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்பதால் கயிறு 63 மீட்டர் 71 சென்டிமீட்டர் வர வேண்டும். ஒரு நுனியைக் கொடிக்கம்பத்தில் கட்டுங்கள். அதுதான் பூமியின் நடு. மறு நுனி நாம் நிற்கும் தரை. மைதானம் சிறியது என்றால் மூலைக்கு மூலை இழுங்கள். மொட்டை மாடியில் செய்பவர்கள் பத்தில் ஒரு பங்காக, 6 மீட்டர் 37 சென்டிமீட்டரில் செய்துகொள்ளலாம். ஆனால் பெரிய கயிறு தரும் திகைப்பு அதில் வராது.

இனி பழைய புடவைத் துணியைக் கிழித்துக் கயிற்றில் அடையாளம் கட்ட வேண்டும். தரை நுனியிலிருந்து 35 சென்டிமீட்டரில் முதல் துணி. கண்டத்தின் கீழே மேலோடு சராசரியாக இவ்வளவுதான். கடலுக்கடியில் இன்னும் மெலிவு, ஏழு சென்டிமீட்டர் போலத்தான் வரும். இமயமலைக்கும் திபெத்துக்கும் கீழே 70 வரை போகும். அடுத்த துணி 28 மீட்டர் 90இல், கவசம் முடியும் இடம். அதற்கடுத்தது 51 மீட்டர் 50இல், வெளிக்கருவத்தின் அடி. மீதி 12 மீட்டர் 20, கொடிக்கம்பம் வரை, உட்கருவம்.

துணி கட்டியவுடன் விளக்கத் தொடங்கிவிடாதீர்கள். பிள்ளைகளைத் தரை நுனியிலிருந்து கொடிக்கம்பம் வரை நடக்க விடுங்கள். முதல் துணியை அரை எட்டில் தாண்டிவிடுவார்கள். அடுத்த துணிக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கால் சொல்லட்டும். பூமியின் கன அளவில் நூற்றுக்கு 84 பங்கு கவசம் என்பதை அதற்கப்புறம் சொன்னால் யாருக்கும் மறக்காது.

பிறகு எல்லோரும் தரை நுனிக்குத் திரும்பி வந்து குந்தி உட்கார வேண்டும். பாடம் உண்மையில் நடப்பது இந்த ஓரடிக்குள்தான். அடிக்கோலை வைத்துக் காட்டுங்கள். எவரெஸ்ட்டின் உயரம் ஒன்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கடலின் மிக ஆழமான மரியானா அகழி பதினொன்று. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970இல் தொடங்கித் துளைத்தார்களே, மனிதர் போட்டதிலேயே ஆழமான அந்தத் துளை 12,262 மீட்டர். கயிற்றில் அது பன்னிரண்டே கால் சென்டிமீட்டர். அங்கேயே சூடு 180 டிகிரி. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான அந்தச் சூட்டில் துளைப்பதே முடியாமல் போயிற்று.

என் அம்மாவின் அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல் இருந்தது, மேலேயிருந்து குளிர்காற்றை அனுப்பினால்தான் ஆள் நிற்க முடிந்தது. கையை வைத்தால் பாறை சுடும் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். கயிற்றில் அந்த இடம் தரையிலிருந்து மூன்று விரற்கடைகூட இல்லை. என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அளந்து காட்டும்போதெல்லாம் அவர் ஞாபகம் வந்துவிடுகிறது.

சரி, ஆயிரம் அடி போர்? 305 மீட்டர், அதாவது மூன்று மில்லிமீட்டர். நான் வாங்கிய கயிற்றின் தடிமனே ஐந்து மில்லிமீட்டர். கேள்வி கேட்டவன் கயிற்றின் நுனியை விரலால் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தைக் கட்டாயம் களைந்துவிடுங்கள். மேலோட்டுக்குக் கீழே எங்கும் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பெரியவர்களில் பலரும் நினைக்கிறார்கள். கவசம் திடமான பாறை. எரிமலைக் குழம்பு அதன் மேற்பகுதியில் அங்கங்கே, சில நிலைமைகளில் மட்டும் உருகி உண்டாகிறது. ஆனாலும் அந்தத் திடப் பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல நகர்கிறது. திடப்பொருள் எப்படி நகரும் என்று பிள்ளைகள் விடமாட்டார்கள். ரோடு போடும் இடத்தில் இறுகிய தார்க் கட்டி ஒன்று கேட்டு வாங்குங்கள். பாதியைச் சுத்தியலால் தட்டினால் கண்ணாடிபோலச் சில்லு சில்லாக உடையும். மீதியை ஒரு தட்டில் வைத்து ஜன்னலோர வெயிலில் விட்டுவிடுங்கள். இரண்டு வாரத்தில் அது தட்டில் அப்பளமாகப் பரந்து கிடக்கும். ஒரே பொருள், அடித்தால் உடைகிறது, பொறுத்தால் வழிகிறது. (சுத்தியலால் தட்டும்போது பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், சில்லு கண்ணில் தெறிக்கும்.)

அடுத்த கேள்வி தானாக வரும்: பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் துளைத்திருக்கிறோம், அப்புறம் மீதி 63 மீட்டரும் எப்படித் தெரியும்? இதற்குப் பதினைந்து பிள்ளைகள் போதும். வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரும் முன்னால் இருப்பவர் தோளில் கை வைக்கட்டும். கடைசியில் நிற்பவர் முன்னோக்கி மெல்லத் தள்ளினால் அந்தத் தள்ளல் வரிசை முழுக்க ஓடி முதல் ஆளிடம் போய்ச் சேரும். நிலநடுக்கத்தின் முதன்மை அலை இப்படித்தான் போகிறது. இப்போது கடைசி ஆள் இடமும் வலமும் ஆடட்டும். தோளைப் பிடித்திருப்பதால் அந்த ஆட்டமும் முன்னே போகும், அது இரண்டாம் அலை. இனி கைகளை எடுத்துவிட்டு நெருங்கி நிற்கச் சொல்லுங்கள். தள்ளினால் முட்டி முட்டி முன்னே போகும். பக்கவாட்டில் ஆடினால் அடுத்தவருக்கு ஒன்றும் ஆகாது. திரவம் இப்படித்தான்: அதற்குள் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும் பிடி இல்லை. பெரிய நிலநடுக்கம் ஒன்று நடந்தால் பூமியின் எதிர்ப்பக்கத்தில் ஒரு பரந்த பகுதிக்கு இரண்டாம் அலை நேராகப் போய்ச் சேருவதே இல்லை. நடுவில் திரவம் மறிக்கிறது. அதுதான் வெளிக்கருவம், உருகிய இரும்பும் நிக்கலும்.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1897இல் அசாமில் நடந்த பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் ஓல்டாம். அலைகளைப் பிரித்துப் பார்க்கும் அந்த வேலையிலிருந்து வளர்ந்துதான் 1906இல் பூமிக்கு ஒரு கருவம் இருப்பதை அவர் காட்டினார். மேலோட்டின் அடி எல்லையை 1909இல் குரோஷியாவின் மொஹோரோவிசிச் கண்டார்.

பெண்பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு பெண் அறிவியலாளரின் கதைக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். டென்மார்க்கைச் சேர்ந்த இங்கெ லேமான் (Inge Lehmann) 1929இல் நியூசிலாந்தில் நடந்த நிலநடுக்கத்தின் பதிவுகளைப் பார்த்தார். வரக்கூடாத இடத்தில் மெல்லிய அலைகள் வந்திருந்தன. கணினி இல்லாத காலம். தோட்டத்தில் மேசை போட்டு, ஓட்ஸ் வாங்கிய அட்டைப் பெட்டிகளில் அலை வந்த நேரங்களை எழுதிய அட்டைகளை அடுக்கி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். 1936இல், திரவக் கருவத்துக்குள் இன்னொரு கருவம் இருக்கிறது என்று எழுதினார். நம் கயிற்றில் கொடிக்கம்பத்தை ஒட்டிய அந்தப் பன்னிரண்டு மீட்டர், அவர் கண்டுபிடித்தது. சூரியனின் மேற்பரப்பு அளவுக்குச் சூடு இருந்தும் அது திடமாக இருப்பதற்கு அழுத்தம் காரணம். 104 வயது வரை வாழ்ந்தார் என்று சொன்னதும் வகுப்பில் கைதட்டிவிட்டார்கள்.

உள்ளே கனமான பொருள் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே அளந்து பார்க்கவும் ஒரு வழி உண்டு. மளிகைக் கடையில் வைத்திருக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். முதலில் ஒரு ஜல்லிக்கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அரைவாசி தண்ணீர் ஊற்றிய மக்கைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். கல்லை நூலில் கட்டி, மக்கின் அடியிலோ பக்கத்திலோ படாமல், முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எடையை இதனால் வகுக்க வேண்டும். எங்கள் கல் 412 கிராம், தண்ணீரில் 150 காட்டியது. அடர்த்தி 2.75. லாரிப் பட்டறையில் கிடைத்த பெரிய இரும்பு நட்டைத் தொங்கவிட்டால் 7.8 வந்தது. பூமி முழுவதற்கும் சராசரி 5.5. 1798இல் ஹென்றி கேவண்டிஷ் ஈயக் குண்டுகளுக்கு இடையிலான ஈர்ப்பை அளந்தே இந்த எண்ணை நெருங்கிவிட்டார். மேலே கிடக்கும் கல் 2.75, மொத்தச் சராசரி 5.5 என்றால் உள்ளே இருப்பது எவ்வளவு கனமாக இருக்க வேண்டும்? விடையை நீங்கள் சொல்லாதீர்கள். நட்டைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை சொல்லிவிடும்.

நூலைப் பிடிக்கும் கை ஆடினால் எண் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு குச்சியில் கட்டி இரண்டு நாற்காலிக்கு நடுவே வைத்துவிட்டால் நிதானமாகப் படிக்கலாம்.

புவித்தட்டுகளுக்குக் கயிற்றில் இன்னொரு துணி கட்டுங்கள், ஒரு மீட்டரில். நகர்வது மேலோடு மட்டும் என்று எழுதுவது தவறு. மேலோடும் அதை ஒட்டிய கவசத்தின் இறுகிய மேற்பகுதியும் சேர்ந்து, நூறு கிலோமீட்டரோ அதற்கு மேலோ தடித்த பலகையாக நகர்கின்றன. நம் தட்டு ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வடக்கே போகிறது. நகம் வளரும் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பு இதைவிட வேகமாக வந்து, சுமார் ஐந்து கோடி ஆண்டுக்கு முன் ஆசியாவில் போய் முட்டி, கடலடியில் படிந்திருந்த சுண்ணாம்புக்கல்லை எவரெஸ்ட்டின் உச்சிக்கு ஏற்றிவிட்டது. கிழக்கே அதே தட்டு சுமத்ரா, அந்தமான் பக்கம் கீழே சொருகுகிறது. அங்கே 2004 டிசம்பர் 26 அன்று 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்துகொண்ட அதிர்வின் அலைதான் நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் வந்தது. நகம் வளரும் வேகத்தில் நகரும் ஒன்று எப்படி அவ்வளவு பெரிய அழிவைச் செய்தது என்று ஒரு பிள்ளை கேட்டாள். பல நூறு ஆண்டு பூட்டிக்கொண்டு நகராமல் நின்றதை ஒரே காலையில் நகர்ந்து தீர்த்தது என்று சொன்னேன்.

இனி கல் பார்க்கப் போகும் நாள். எனக்கு இதுதான் பிடித்த பகுதி, சேலத்தில் இருப்பதால் எங்களுக்கு வாய்த்த பாக்கியமும் இதுதான். பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் கீழே மனிதர் துளைத்ததில்லை என்றோமே, அதைவிட ஆழத்தில் விளைந்த கல் எங்கள் ஊரில் ரோட்டோரம் கிடக்கிறது.

கருப்பூர், மாமாங்கம் பக்கம் போனால் வெள்ளைக்கல் கரடுகள். ஆங்கிலேயர் சுண்ணாம்புக் குன்று என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள், ஆனால் அது சுண்ணாம்பு இல்லை. கிளிஞ்சலைப் பொடித்து அதில் வினிகரை விட்டால் நுரைக்கும், வெள்ளைக்கல்லில் விட்டால் சும்மா இருக்கும். இது மேக்னசைட். உருக்காலை உலையின் உள்சுவருக்குச் செங்கல் செய்யப் போகிறது. பிள்ளைகளின் கண் வெள்ளையிலேயே நிற்கும். நீங்கள் அந்த வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் கல்லைக் காட்டுங்கள். வெளியே துருப்பிடித்த பழுப்பு. உடைந்த புது முகத்தில் கரும்பச்சை, வெயிலில் திருப்பினால் சர்க்கரை மணிபோல மின்னும். அது டியூனைட், கிட்டத்தட்ட முழுக்க ஆலிவின் என்ற பச்சைக் கனிமம். கவசத்தின் மேற்பகுதி பெரும்பாலும் ஆலிவின் நிறைந்த பாறைதான். கவசத்திலிருந்து மேலேறிய குழம்பில் விளைந்த கல் இது. கரியமில வாயு கரைந்த நீர் இதன் விரிசல்களில் ஊறி, மக்னீசியத்தைக் கரைத்து, வலைபோல வெள்ளைக் கோடுகளாகப் படிய வைத்தது. உள்ளிருந்து வந்த கல்லில் மேலிருந்து போன தண்ணீர் செய்த வேலை. அகச்செயல், புறச்செயல் என்று புத்தகத்தில் இரண்டு பாடமாக இருப்பது அந்த ஒரு கல்லில் ஒன்றாகக் கிடக்கிறது. கையில் வைத்துப் பார்த்த அன்றுதான் எனக்கே அது முழுசாகப் புரிந்தது.

சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். கைவிட்ட குழிகளில் தேங்கிய தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையும் போகக்கூடாது. சாலையோரம் உதிர்ந்து கிடப்பதே நமக்குப் போதும்.

அங்கிருந்து ஏற்காட்டு மலைப்பாதை. சேர்வராயன் மலையின் பாறை சார்னோக்கைட், நாம் கருங்கல் ஜல்லி என்று வீடு கட்டக் கொட்டுகிறோமே அதன் இனம். கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல் பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது. அதை வைத்துத்தான் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பெயரைச் சூட்டினார். எங்கள் பக்கத்துச் சார்னோக்கைட்டுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. இருபது கிலோமீட்டருக்கும் கீழே, மேலோட்டின் அடிப்பகுதியில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்த கல். அப்படியானால் அது இங்கே மலையாக நிற்பதற்கு அதன் மேலே இருந்த அத்தனை பாறையும் போயிருக்க வேண்டும். நிலம் மெல்ல உயர உயர, மழையும் ஆறும் காற்றும் அரித்து அரித்து எடுத்துப் போயின.

எப்படி எடுத்துப் போயின என்பதையும் அதே பாதையில் காட்டலாம். மலையை வெட்டிய இடங்களில் பாருங்கள். கீழே கெட்டிப் பாறை. அதற்கு மேலே உருண்டை உருண்டையான கற்கள், வெங்காயம்போல அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருக்கும். அதற்கும் மேலே செம்மண். பாறையிலிருந்த இரும்பு துருப்பிடித்த நிறம் அது. மலை உச்சியில் இந்தச் சிதைவு முற்றிப்போய், கரையக்கூடியதெல்லாம் கரைந்தோடி, அலுமினியம் மிஞ்சிப் பாக்சைட்டாகக் கிடக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை நிறுத்தாமல், ஓரம் அகலமாக இருக்கும் இடத்தில் இறங்குங்கள்.

நேரம் இருப்பவர்கள் நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிக்கும் போகலாம். அங்குள்ள அனார்த்தோசைட் நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைப் பொடித்துத்தான் சந்திரயான்-2 சோதனைகளுக்கு இஸ்ரோ நிலவு மண் தயாரித்தது.

மலைக்குப் போக வழியில்லாத ஊர்க்காரர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன், இதை அந்த ரிக்காரர் மகன்தான் எனக்குக் கற்றுத் தந்தான். போர் போடும்போது மண் சரியாமல் இருக்கக் கெட்டிப் பாறை வரும்வரை கேசிங் பைப் இறக்குவார்கள். அப்படியானால் “எத்தனை அடி கேசிங்?” என்று கேட்டாலே அந்த இடத்தில் பாறை எவ்வளவு ஆழம் சிதைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பிள்ளைகளை இருபது வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் கரட்டு அடிவாரத்தில் 15 அடி, ஏரிக்குப் பக்கத்தில் 80 அடி. ஊர் வரைபடத்தில் குறித்தால் மண்ணுக்கடியில் பாறையின் மேடுபள்ளம் அப்படியே தெரிகிறது. இதற்குக் காசும் வேண்டாம், அனுமதிக் கடிதமும் வேண்டாம்.

கல்லெல்லாம் சேர்ந்ததும் கடைசி வேலை. ஒவ்வொரு கல்லிலும் எடுத்த இடத்தையும் தேதியையும் சின்னத் தாளில் எழுதி ஒட்டிவிட்டு, மறுபடி மைதானத்தில் கயிற்றை விரியுங்கள். சார்னோக்கைட்டை 25 சென்டிமீட்டர் பக்கம் வையுங்கள். டியூனைட்டை, அதன் குழம்பு கிளம்பிய இடமான கவசத்தில், முதல் துணிக்கு அந்தப் பக்கம் வையுங்கள். இரும்பு நட்டு கொடிக்கம்பத்தடிக்குப் போகும். அந்த ஆண்டு ரிக்காரர் மகன் தன் தோட்டத்துப் போரிலிருந்து பாலிதீன் பையில் மூன்று பிடி தூள் கொண்டுவந்திருந்தான்: இருபதடியில் செம்மண், நூறடியில் சாம்பல் நிறத் தூள், ஆயிரமடியிலும் அதே சாம்பல் நிறம். மூன்றையும் கயிற்றில் எங்கே வைப்பது என்று பார்த்தான். இடம் போதவில்லை. மூன்றையும் ஒன்றாகக் கயிற்றின் நுனியிலேயே, தன் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் கொட்டினான்.